தனியாளாக வீட்டிலேயே ஒரு பவர் பாப் ஆல்பம்: பாட்டு எழுதுவதிலிருந்து வெளியிடுவது வரை

பவர் பாப் என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். 1967-இல் தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தாங்கள் வாசிப்பது இதுதான் என்று அந்தப் பெயரைச் சொன்னார், அதற்குப் பிறகு ராஸ்பெரீஸ், பேட்ஃபிங்கர், பிக் ஸ்டார், சீப் ட்ரிக் என்று வரிசையாக வந்தார்கள். எல்லாரிடமும் பொதுவாக இருப்பது இதுதான்: பளிச்சென்ற மெட்டு, சத்தமான கிட்டார், அடுக்கடுக்கான குரல்கள், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நாலு பேர் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்துக்கொண்டு வாசிக்கிற உணர்வு. அதையே ஓர் ஆள் தன் வீட்டில் உட்கார்ந்து செய்வதென்றால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது, மைக் வாங்குவதில் இல்லை.

முடியாத காரியம் இல்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1969 கடைசியில் லண்டன் வீட்டில் ஒரு ஸ்டூடர் நான்கு டிராக் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலித்தடம்) டேப் மெஷினை வைத்துக்கொண்டு, மிக்ஸர்கூட இல்லாமல் மைக்கை நேராக மெஷினில் செருகித் தன் முதல் தனி ஆல்பத்தைத் தொடங்கினார். அளவு காட்டும் மீட்டரும் கிடையாது, காதால் கேட்டே சரி பார்த்தார். கலிஃபோர்னியாவின் ஹாதோர்னில் எமிட் ரோட்ஸ் என்ற இருபது வயதுப் பையன் பெற்றோர் வீட்டின் பின்னால் இருந்த கொட்டகையில் டிரம்ஸ், பேஸ், பியானோ, கிட்டார், குரல் எல்லாவற்றையும் தானே பதிவு செய்தார். தன் பெயரிலேயே 1970-இல் வந்த அந்த ஆல்பத்தை இந்த வகையின் மூலப்படி என்று நான் சொல்வேன். கேட்டால் ஒரு குழு வாசிப்பதாகத்தான் தோன்றும். அவர் அடிப்படையில் டிரம்மர், பதின்ம வயதில் குழுவில் வாசித்தவர், அந்தப் பழக்கம் ஒவ்வொரு பாட்டிலும் தெரியும். கீழே சொல்லப்போவதில் பாதி அந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் உற்றுக் கேட்டாலே விளங்கும்.

1. பாட்டுகள்

பத்துப் பாட்டு வேண்டுமென்றால் பதினாறு, பதினெட்டு எழுதுங்கள். ரெக்கார்டிங் தொடங்கிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கணினி முன்னால் உட்கார்ந்து எழுதும் பாட்டு பெரும்பாலும் ஒலிகளின் அடுக்காகத்தான் இருக்கும், மெட்டு இருக்காது. ஒரே ஓர் அகூஸ்டிக் கிட்டார், ஒரு குரல், போன் ரெக்கார்டர். இவ்வளவில் நன்றாக இல்லாத பாட்டு, அறுபது டிராக் போட்டாலும் நன்றாக ஆகாது.

இந்த வகைக்குச் சில வாடிக்கையான வேலைகள் உண்டு. கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, முதல் நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். வேகம் பெரும்பாலும் 120-இலிருந்து 150 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி) வரை. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) எளிமையாக இருக்கலாம், ஆனால் எங்கேயாவது ஓர் இடத்தில் காது நிமிர வேண்டும். அதற்குக் கைகண்ட மருந்து நாலாவது கார்டை மைனராக்குவது: ஜி ஸ்கேலில் சி மேஜர், உடனே சி மைனர், பிறகு ஜி. இனிப்புக்கு நடுவில் சின்னக் கசப்பு. ஆனால் எல்லாப் பாட்டிலும் போட்டால் சலித்துவிடும், ஆல்பத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பிரிட்ஜ் என்ற, நடுவில் ஒரே முறை வரும் மாறுபட்ட பகுதியைத் தவிர்க்காதீர்கள், அது வேறு ஸ்கேலுக்குப் போய்த் திரும்பினால் கடைசிக் கோரஸுக்குத் தானாகவே ஒரு புது வேகம் வரும்.

உங்கள் குரல் எந்த உயரத்தில் லேசாகத் திணறுகிறதோ, கோரஸின் உச்ச ஸ்வரத்தை அங்கே வையுங்கள். சௌகரியமான உயரத்தில் பாடும் பவர் பாப் தாலாட்டாகிவிடும். இதற்காக ஸ்கேலை ஒன்றிரண்டு படி ஏற்ற வேண்டியிருந்தால் இப்போதே ஏற்றுங்கள். பேஸும் கிட்டாரும் பதிவான பிறகு ஏற்றுவது பெரிய பாடு.

2. அறையும் கருவியும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இதிலேயே மாதக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள். இரண்டு இன்புட் உள்ள ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், ஷ்யூர் எஸ்எம்57 போல ஒரு டைனமிக் மைக், மூடிய வகை ஹெட்ஃபோன், ஒரு சுமாரான ஸ்பீக்கர் ஜோடி. மென்பொருளுக்கு ரீப்பர் போதும், 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பதிவு செய்யும்போது உச்ச அளவு மைனஸ் 10 டெசிபல் அருகே இருந்தால் நல்லது, சிவப்பைத் தொடவே வேண்டாம்.

அறைதான் கவனிக்க வேண்டியது. வெறும் சுவர், டைல்ஸ் தரை என்றால் குரல் குளியலறையில் பாடியது போல எதிரொலிக்கும். பாடுபவரின் முதுகுப் பக்கமும் இரு பக்கமும் மெத்தையும் கனமான ரஜாயும் தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும், ஆகவே நம்மூரில் மே மாதத்தில் குரல் பதிவு செய்வதாக இருந்தால் விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள், தெருவும் அப்போதுதான் அமைதியாக இருக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரில் 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பிறகு கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஏதாவது ஒரு கோணத்தில் அது குறையும். எந்தத் திசை என்று தரையில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். அதிலும் போகவில்லை என்றால் வீட்டு எர்த்திங்கை எலெக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டியதுதான்.

3. வழிகாட்டி டிராக்

ஒவ்வொரு பாட்டுக்கும் முதலில் கிளிக்குடன் (வேகம் காட்டும் 'டிக் டிக்' ஒலி) ஒரு கிட்டார், ஒரு குரல் பதிவு செய்யுங்கள். இது கடைசியில் தூக்கிப் போடப்படும், ஆனால் அலட்சியமாகப் பாடிவிடாதீர்கள். டிரம்ஸ் வாசிப்பவர் கேட்டு வாசிக்கப்போவது இதைத்தான், அந்த டிரம்மரும் நீங்கள்தான். தூங்கி வழிந்த குரலைக் கேட்டு யாரும் உற்சாகமாக அடிக்க முடியாது.

கிளிக் கடைசிவரை ஒரே வேகத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உண்மையான குழு கோரஸ் வந்ததும் லேசாக வேகமெடுக்கும். மென்பொருளில் வேகத்தைக் குறிக்கும் டெம்போ மேப்பில் வெர்ஸுக்கு (சரணத்துக்கு) 132 என்றால் கோரஸுக்கு 133 அல்லது 134 வையுங்கள். கேட்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் உடம்பு முன்னால் சாயும்.

அமெரிக்க இசைக்கலைஞர் டாட் ரண்ட்கிரன் 1972-இல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தில் நாலில் மூன்று பக்கத்தைத் தானே வாசித்தார். முதலில் டிரம்ஸ், பாட்டை மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே. அந்த முறையில் ஓர் உயிர் இருக்கிறது. ஆனால் முதல் ஆல்பத்திலேயே அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

4. டிரம்ஸ்

டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்து, அடிக்க இடமும் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். டிரம்ஸுக்கு மேலே வைக்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்கும் ஸ்னேரின் (வாசிப்பவர் முன்னால் இருக்கும் தட்டையான டிரம்) மையத்திலிருந்து சம தூரத்தில் இருக்கும்படி கயிற்றால் அளந்து வைத்து, கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று சேர்த்தால் போதும். அதற்கு இன்டர்ஃபேஸில் நாலு இன்புட் வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் கிக்குக்கு ஒன்று, மேலே ஒன்று. மோனோ (இடம் வலம் என்று பிரியாத ஒற்றை ஒலி) டிரம்ஸ் இந்த இசைக்குக் குறையே இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு மென்பொருள் டிரம்ஸ்தான் வழி. அதில் எல்லாரும் செய்யும் தவறு எல்லா அடியையும் மென்பொருளின் தாளக் கட்டத்தில் கச்சிதமாக ஒட்டிவிடுவது. மவுஸால் கிளிக் செய்வதை விட்டுவிட்டு, கணினியோடு சேரும் மிடி பேடிலோ கீபோர்டிலோ விரலால் முழுப் பாட்டையும் வாசியுங்கள், பிழையான அடிகளை மட்டும் நகர்த்துங்கள். ஸ்னேரை ஐந்து முதல் பத்து மில்லிசெகண்ட் பின்னால் தள்ளினால் வாசிப்பு கனமாகும், முன்னால் இழுத்தால் பதற்றமாகும். இந்த ஒரு முடிவு பாட்டின் குணத்தையே மாற்றும் என்பதால் பாட்டுக்குப் பாட்டு யோசித்துச் செய்யுங்கள். ஃபில்களை (பகுதிகளுக்கு நடுவில் வரும் டிரம்ஸ் உருட்டல்) பொறுத்தவரை, இரண்டு கைக்காரர் வாசிக்க முடியாததை எழுதாதீர்கள். குச்சியால் அடித்த ஹை-ஹாட்டும் ரைடும் டாமும் ஒரே நேரத்தில் ஒலித்தால் கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

5. பேஸும் கிட்டாரும்: நாலு பேராக மாறுவது

தனியாகப் பதிவு செய்த ஆல்பங்கள் ஏன் தட்டையாகக் கேட்கின்றன? எல்லாக் கருவியிலும் ஒரே ஆளின் தாள உணர்வு, ஒரே ஆளின் ரசனை. யாரும் யாரையும் எதிர்ப்பதில்லை. மிக்ஸிங்கில் இதைச் சரிசெய்ய முடியாது, வாசிக்கும்போதே செய்ய வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் வழி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வது. பேஸ் வாசிப்பவர் கொஞ்சம் திமிர் பிடித்தவர், பாட்டின் மெட்டைவிடத் தன் மெட்டு நன்றாக இருப்பதாக நினைப்பவர். அவர் கார்டின் மூல ஸ்வரத்தில் மட்டும் நிற்க மாட்டார், வெர்ஸில் ஏறி இறங்கி நடப்பார், கோரஸில் மட்டும் கிக்கோடு ஒட்டிக்கொள்வார். மெக்கார்ட்னி வாசிப்பு எப்படி என்று கேட்டால் புரியும். பேஸைப் பிக் வைத்து, பாலத்தின் (தந்திகள் கருவியின் உடலில் ஊன்றும் இடம்) அருகே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகி வாசித்தால் அந்தக் காலத்து 'டொக்' என்ற தெளிவு கிடைக்கும். முடிந்தால் எல்லாப் பாட்டின் பேஸையும் அடுத்தடுத்த நாட்களில் முடியுங்கள், கை அந்த ஆளாகவே பழகிவிடும்.

அப்புறம் கிட்டார். இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று என்பது அடிப்படை. ஒன்றைப் பதிவு செய்து நகல் எடுத்து எதிர்ப்பக்கம் ஒட்டினால் அது இரண்டாவது கிட்டார் ஆகாது, சத்தமான மோனோதான். மறுபடி வாசிக்கத்தான் வேண்டும், அதுவும் வேறு மாதிரி. பாட்டு ஜி-யில் இருந்தால் இடதுபக்கத்தவர் சாதாரண ஜி, சி, டி வடிவங்களில் வாசிக்கட்டும். வலதுபக்கத்தவர் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு டி வடிவத்தில் வாசிக்கட்டும், அதுவும் ஜி கார்டுதான், ஆனால் ஸ்வரங்களின் அடுக்கு வேறு. பாட்டு ஏ-யில் இருந்தால் கேப்போவை ஏழாவதுக்கு நகர்த்துங்கள். கிட்டாரே ஒன்றுதான் என்றால் பிக்-அப்பையாவது (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) மாற்றுங்கள், ஒருவருக்குப் பாலத்துப் பக்கம், மற்றவருக்குக் கழுத்துப் பக்கம். ஒருவர் எல்லா அடியையும் கீழ்நோக்கியே அடிப்பவர், மற்றவர் தளர்வாக ஸ்டிரம் செய்பவர் என்றால் இன்னும் நல்லது. டிஸ்டார்ஷனை (கிட்டாரின் கரகரப்பு) நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். இரண்டு மூன்று கிட்டார் சேரும்போது அது தானாகக் கூடும், அதிகமாக வைத்தால் கார்டின் உள் ஸ்வரங்கள் கரைந்து வெறும் இரைச்சலாகும்.

பன்னிரண்டு தந்தி கிட்டாரின் 'ஜிங்' என்ற ஒலி வேண்டும், கருவி இல்லை என்றால் ஒரு தந்திரம் உண்டு. பன்னிரண்டு தந்தி செட் ஒன்று வாங்கி, அதில் உள்ள மெல்லிய தந்திகளைச் சாதாரண கிட்டாரின் கீழ்ஸ்தாயி நாலு தந்திகளுக்குப் பதிலாகக் கட்டி, அவற்றை ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேருங்கள். நாஷ்வில் டியூனிங் என்பது இதுதான். இதைச் சாதாரண கிட்டாருடன் சேர்த்தால் பன்னிரண்டு தந்தி போலவே கேட்கும், கூடவே நன்றாகக் கம்ப்ரஸ் செய்யுங்கள், அதாவது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறையுங்கள். தி பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின்னுடைய நீண்டு ஒலிக்கும் கிட்டார் சத்தத்துக்கும் அந்தக் கம்ப்ரஷன்தான் பாதிக் காரணம்.

சோலோவை எட்டு பார் அளவில் முடியுங்கள், வாயால் பாட முடிகிற சோலோவாக இருக்கட்டும்.

6. குரல்

நேரத்தை வாரி இறைக்க வேண்டிய இடம் இது. முதன்மைக் குரலை முழுதாக நாலைந்து முறை பாடுங்கள், வரி வரியாக வெட்டிப் பாட வேண்டாம், பிறகு நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேருங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, பாப் ஃபில்டர் வைத்து.

பிறகு அதே வரிகளின் மேல் மறுபடியும் பாடும் டபுளிங். பீட்டில்ஸின் ஜான் லெனனுக்கு இப்படி இரண்டாம் முறை பாடுவது அலுப்பு, அதனாலேயே 1966-இல் லண்டன் ஏபி ரோட் ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்செண்ட் டேப்பை வைத்துத் தானாக இரட்டிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று அதற்கு ஒரு ப்ளக்-இன் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) இருக்கிறது, இருந்தாலும் நீங்களே பாடுங்கள். சின்னச் சின்ன விலகல்களில்தான் அழகு. வெர்ஸில் ஒற்றைக் குரல், கோரஸில் இரட்டை என்று வைத்தாலே கோரஸ் தூக்கும்.

ஒத்திசைக் குரல்களில் பிரச்சினை, எல்லாமே உங்கள் ஒரே தொண்டை. வேறு வேறு ஆட்கள் போலக் கேட்க வைப்பதற்கு இவை பலன் தரும். மேல் குரலைக் கள்ளக் குரலில் (ஃபால்செட்டோ) பாடி, மைக்கிலிருந்து இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். கீழ்க் குரலை மைக்கை ஒட்டி, சிரித்த வாயோடு இல்லாமல் உதட்டைக் குவித்துப் பாடுங்கள். ஒரு குரலுக்கு மட்டும் முழுப் பாட்டையும் அரை ஸ்வரம் இறக்கி, வேகத்தையும் அதற்கேற்பக் குறைத்து, அதன் மேல் பாடிவிட்டுப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தால் உங்கள் தம்பி பாடியது போல இளமையான குரல் ஒன்று கிடைக்கும். 'ஸ்', 'ட்' போன்ற மெய்யொலிகளை முதன்மைக் குரல் மட்டும் உச்சரிக்கட்டும், மற்றவர்கள் அவற்றை விழுங்கிவிடட்டும், இல்லாவிட்டால் வரிக்கு வரி பாம்பு சீறும். எல்லா இடத்திலும் சொற்களைப் பாட வேண்டியதில்லை, 'ஊ', 'ஆ' இரண்டும் இந்த இசையின் சோறும் குழம்பும்.

கைத்தட்டலும் டாம்பரினும் அலங்காரம் என்று நினைத்துக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். டாம்பரினை மைக்கிலிருந்து ஆறு ஏழு அடி தள்ளி நின்று வாசியுங்கள், பக்கத்தில் வாசித்தால் காதைக் கிழிக்கும். கைத்தட்டலை ஆறேழு டிராக் போடுங்கள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கையின் குழிவை மாற்றி, நிற்கும் இடத்தை மாற்றி, கொஞ்சம் முன்பின்னாகவே தட்டி. கச்சிதமாகச் சேர்ந்தால் மென்பொருளில் போட்ட மாதிரி இருக்கும்.

7. போதும் என்று சொல்ல ஆள்

கூட இருப்பவர்கள் செய்யும் பெரிய உபகாரம், 'விடுப்பா, நல்லாத்தான் இருக்கு' என்பது. தனியாளுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை, அதனால் ஆல்பம் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடந்து மக்கிவிடுகிறது. நிர்வானா குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல் 1994 அக்டோபரில் சியாட்டில் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஒரே வாரத்தில், ஒரு கிட்டார் பகுதி தவிர எல்லாவற்றையும் தானே வாசித்து முடித்தார். அதுதான் ஃபூ ஃபைட்டர்ஸ் முதல் ஆல்பம். வீட்டில் பதிவு செய்ததும் இல்லை, பவர் பாப் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த அவசரத்தின் சூடு அதில் இருக்கிறது. வீட்டில் காசு மீட்டர் ஓடாது என்பது வசதியும் சாபமும்.

ஆகவே நீங்களே சட்டம் போடுங்கள்: ஒரு பாட்டுக்கு 24 டிராக்குக்கு மேல் இல்லை, ஒரு பகுதிக்கு ஐந்து டேக்குக்கு மேல் இல்லை, பாட்டுக்கு ஒரு தேதி. இசை தெரிந்த ஒரு நண்பரிடம் மாதம் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்வதைவிட, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த இடத்தில் உங்களுக்கே கூச்சமாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

8. மிக்ஸிங், மாஸ்டரிங்

இதை வேறொருவரிடம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். எமிட் ரோட்ஸ்கூட மிக்ஸிங்குக்குக் கீத் ஓல்சன், கர்ட் பெட்சர் இருவரையும் சேர்த்துக்கொண்டார். எல்லாவற்றையும் வாசித்தவருக்கு எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும், ஒரு நல்ல கிட்டார் பகுதியை மியூட் செய்ய மனசு வராது.

நீங்களேதான் செய்வதென்றால், இரண்டு வாரம் பாட்டைக் கேட்காமல் இருந்துவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் மோனோவில், ஃபேடரை (ஒவ்வொரு டிராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) மட்டும் வைத்து, ப்ளக்-இன் எதுவும் இல்லாமல் சமன் செய்யுங்கள். குரலும் ஸ்னேரும் முன்னால். கிட்டார்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பேஸுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். முதன்மைக் குரலுக்கு 3:1 அல்லது 4:1 கம்ப்ரஷன். குரலையே வெளியே மிதக்கவிடாமல் குழுவின் நடுவில் கொஞ்சம் அமுக்கி வைப்பது இந்த இசையின் மரபு. திரைப்பாட்டுக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு முதலில் குரல் குறைவாகத் தோன்றும், வார்த்தை புரிகிறதென்றால் சரிதான். எல்லாக் கருவியும் ஒரே அறையில் இருப்பது போல ஒரே சின்ன ரிவர்ப் (செயற்கை எதிரொலி) எல்லாவற்றுக்கும், துளியாக. பிறகு போன் ஸ்பீக்கரில், காரில், பக்கத்து அறையில் இருந்து கதவு வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து மாஸ்டரிங், வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசிச் சரிக்கட்டல். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அளவு) அளவுக்குச் சத்தத்தைச் சமன் செய்துவிடும், ஆகவே நசுக்கிப் பிழிந்து லாபம் இல்லை. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள்.

வரிசைக்கும் ஒரு வார்த்தை. 35 நிமிடம் போதும். முதல் பாட்டு மிகச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை, மிக உடனடியாகப் பிடிப்பதாக இருக்க வேண்டும். மெதுவான பாட்டுகள் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

9. வெளியீடும் காகித வேலையும்

பிக் ஸ்டாரின் முதல் ஆல்பம் 1972-இல் வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விநியோகம் சொதப்பியதால் கடைகளில் ஆல்பமே கிடைக்கவில்லை. இன்று விநியோகம் சுலபம், டிஜிட்டல் விநியோகஸ்தர் ஒருவர் வழியாக எல்லாத் தளத்துக்கும் போய்விடும், ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணும் பெரும்பாலும் அவர்களே தந்துவிடுவார்கள். வெளியீட்டுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஏற்றுங்கள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இரண்டு கட்டத்திலும் உங்கள் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். இந்தியாவில் இருந்தால் பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் எழுத்தாளராகச் சேர்ந்து பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள், ஸ்ட்ரீமிங் தளம் தரும் ரெக்கார்டிங் பணம் வேறு, பாட்டு எழுதியதற்கான ராயல்டி வேறு.

ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு கிளவுடிலும் வையுங்கள். ப்ராஜெக்ட் கோப்பு மட்டும் இருந்தால் பத்து வருஷம் கழித்து அதைத் திறக்க மென்பொருள் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.

ஏதாவது லேபிள் (ஆல்பம் வெளியிடும் நிறுவனம்) ஒப்பந்தத்தோடு வந்தால் ரோட்ஸ் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏபிசி-டன்ஹில் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஓர் ஆல்பம் கேட்டது. எல்லாவற்றையும் தானே வாசித்துப் பதிவு செய்கிறவரால் அது எப்படி முடியும்? தாமதமானது, நிறுவனம் 2,50,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1973-இல் வந்த ஆல்பத்தோடு நிறுத்திக்கொண்டார், அடுத்தது 2016-இல்தான் வந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் நீங்கள் முதலில் தேட வேண்டிய வரி முன்பணம் எவ்வளவு என்பதல்ல, எத்தனை ஆல்பம், எத்தனை மாத இடைவெளியில் என்பது. ஒரு ஆல்பத்துக்கு மட்டும், மாஸ்டர் உரிமை (பதிவின் மீதான உரிமை) குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு உங்களிடமே திரும்பும்படி கேளுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், அவர் கேட்கும் கட்டணம் மைக்கைவிட அதிகமாக இருந்தாலும் சரி.